டிரைவ் இருக்கிறது, படம் ஏன் ஓடவில்லை? கேம் கன்சோல் வட்டுகளும் உரிமங்களும்

சோனியின் பிளேஸ்டேஷன் 5 புரோ கேம் கன்சோல் 2024 நவம்பரில் வெளிவந்தபோது அதன் அமெரிக்க விலை 699.99 டாலர். அவ்வளவு கொடுத்தும் பெட்டிக்குள் வட்டு டிரைவ் கிடையாது. வேண்டுமென்றால் அப்போது 79.99 டாலருக்குத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மாட்டியவுடன் ஓடுமா என்றால் அதுவும் இல்லை. முதல் முறை கன்சோலோடு சேர்க்கும்போது இணைய இணைப்பு கட்டாயம். வட்டு வாங்குவதே இணையத்தை நம்பாமல் விளையாடத்தானே, டிரைவை மாட்டுவதற்கே இணையம் எதற்கு என்று பலர் குழம்பிப்போனார்கள்.

குழப்பம் புதிதல்ல. 2001-ல் நின்டெண்டோவின் கேம்கியூப் டிவிடியின் தொழில்நுட்பத்தில் செய்த வட்டுகளைப் படித்தது, ஆனால் டிவிடி படம் ஓட்டவில்லை. அதே ஆண்டு வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்குள் முழு டிவிடி டிரைவே இருந்தது, ஆனால் தனியாக ஒரு ரிமோட் வாங்காமல் அதில் படம் பார்க்க முடியாது. 2012-ல் வந்த நின்டெண்டோவின் வீ யூ 25 ஜிபி வட்டுகளைப் படித்தது, புளூ-ரே படங்களைத் தொடவில்லை.

இவை எதற்கும் காரணம் லென்ஸிலோ மோட்டாரிலோ இல்லை. யார் யாருக்கு எதற்காகப் பணம் கட்டவேண்டும், யார் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்ற கணக்கில் இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வட்டு என்பது என்ன

சிடி, டிவிடி, புளூ-ரே மூன்றும் ஒரே யோசனையின் மூன்று தலைமுறைகள். பிளாஸ்டிக் வட்டில் சுருள் பாதையாகக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் அச்சிடப்பட்டிருக்கும். லேசர் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாற்றத்தை டிரைவ் 0, 1 எனப் படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் குழிகளைச் சிறிதாக்கலாம், அதே 12 சென்டிமீட்டர் வட்டில் கூடுதலாக அடைக்கலாம். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, கொள்ளளவு சுமார் 650 முதல் 700 எம்பி. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, ஓர் அடுக்குக்கு 4.7 ஜிபி. புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா, ஓர் அடுக்குக்கு 25 ஜிபி.

இயற்பியல் இவ்வளவுதான். ஒரு டிரைவால் குழிகளைப் படிக்க முடிவது ஒரு விஷயம். படித்ததை வைத்து ஒன்றைச் செய்ய அதற்கு அனுமதி இருப்பது வேறு விஷயம்.

மூன்று அனுமதிகள்

கன்சோலுக்குள் ஒரு வட்டு போகும்போது மூன்று வெவ்வேறு உரிமங்கள் குறுக்கே வருகின்றன. எல்லாவற்றையும் ‘லைசென்ஸ்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. வடிவத்துக்கான காப்புரிமை. டிவிடியையோ புளூ-ரேயையோ ஒரே நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை. நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரே இடத்தில் உரிமம் விற்பார்கள். டிவிடிக்கு இரண்டு பெரிய கூட்டணிகள் இருந்தன. பிலிப்ஸ், சோனி, பயனியர் ஒரு பக்கம். தோஷிபா, மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்), ஹிட்டாச்சி, டைம் வார்னர் உள்ளிட்டவை இன்னொரு பக்கம். பிளேயர் செய்பவர் இரு பக்கமும் கட்டவேண்டும். புளூ-ரேக்கு 2009-ல் பானசோனிக், பிலிப்ஸ், சோனி மூன்றும் சேர்ந்து ஒற்றைச் சாளர உரிமத்தை அறிவித்தபோது சொன்ன கட்டணம் ஒரு பிளேயருக்கு 9.50 டாலர், அச்சிட்டு விற்கும் ஒரு வட்டுக்கு 11 சென்ட்.

2. படத்துக்கான சுருக்கமும் பூட்டும். டிவிடியில் இருக்கும் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டது. அதை விரிப்பதற்குத் தனிக் காப்புரிமைகள், தனிக் கட்டணம். அதற்குமேல் சிஎஸ்எஸ் என்ற பூட்டு. புளூ-ரேயில் அதன் இடத்தில் ஏஏசிஎஸ். சாவி வேண்டுமென்றால் அந்த அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும், அவர்களுடைய நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட வேண்டும்.

3. கேமுக்கான மேடை உரிமம். முதல் இரண்டிலும் கன்சோல் நிறுவனம் பணம் கட்டுகிற இடத்தில் இருக்கிறது. இங்கே அது பணம் வாங்குகிற இடத்தில் இருக்கிறது. அந்தக் கன்சோலுக்குக் கேம் வெளியிட விரும்புகிறவர் அதன் அனுமதியைப் பெற்று, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு தர வேண்டும்.

மூன்றாவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. கன்சோலை அடக்கவிலைக்கோ அதற்கும் கீழேயோ விற்றுவிட்டு, கேம்களில் கிடைக்கும் பங்கில் ஈடுகட்டுவது பழைய வழக்கம். 2006-ல் 499 டாலருக்கு விற்ற 20 ஜிபி பிளேஸ்டேஷன் 3-ஐச் செய்ய 805 டாலருக்குமேல் ஆனது என்று ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்து மதிப்பிட்டது. அந்த இழப்பைத் திருப்பித் தரவேண்டியது கேம் விற்பனைதான். அனுமதி இல்லாத வட்டு கன்சோலில் ஓடினால் இந்தக் கணக்கே சரிந்துவிடும்.

வட்டு யார் கையில்? ஓர் ஒப்பந்தம் முறிந்த கதை

பிளேஸ்டேஷன் பிறந்ததே ஓர் உரிமத் தகராறில்தான். சூப்பர் நின்டெண்டோவுக்கு ஒரு சிடி டிரைவ் செய்து தர சோனி ஒப்பந்தம் போட்டிருந்தது. சிப் வைத்த பெட்டியாகச் செருகும் கேட்ரிட்ஜ் கேம்களின் உரிமம் நின்டெண்டோவிடம் இருக்கும், சிடி கேம்களின் உரிமத்தைச் சோனி கையாளும் என்பது ஏற்பாடு. கையெழுத்திட்ட காலத்தில் கேட்ரிட்ஜ்தான் எல்லாம் என்பதால் இது பெரிதாகத் தெரியவில்லை. சிடிதான் எதிர்காலம் என்று தெரிந்தபோது நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமௌச்சி விழித்துக்கொண்டார். தன் கன்சோலில் ஓடும் கேம்களுக்கு இன்னொருவர் பங்கு வாங்குவதா?

1991 ஜூனில் சிகாகோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் சோனி தன் கருவியை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, தான் பிலிப்ஸோடு சேர்ந்து சிடி டிரைவ் செய்யப்போவதாக அதே கண்காட்சியில் அறிவித்தது. பிலிப்ஸோடு போட்ட அந்த டிரைவ் கடைசிவரை வெளிவரவில்லை. சோனி தனியாக இறங்கி 1994 டிசம்பர் 3-ல் ஜப்பானில் பிளேஸ்டேஷனை விற்கத் தொடங்கியது.

கேம் செய்பவர்களுக்கு சிடி ஏன் அவ்வளவு பிடித்தது? கேட்ரிட்ஜுக்குள் சிப் இருக்கிறது. அதைச் செய்யச் செலவு அதிகம், காலமும் அதிகம், எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே கணித்து ஆர்டர் கொடுக்க வேண்டும். சிடியை மிகக் குறைந்த செலவில் அச்சிடலாம், தீர்ந்தால் சீக்கிரம் மறுபடியும் அச்சிடலாம். நின்டெண்டோ 64-ன் கேட்ரிட்ஜ் அதிகபட்சம் 64 எம்பி. பைனல் ஃபேன்டஸி 7 பிளேஸ்டேஷனில் மூன்று சிடிகளில் வந்தது. அதுவரை நின்டெண்டோ கன்சோல்களிலேயே வெளிவந்துகொண்டிருந்த தொடர் அது.

நின்டெண்டோ தனி வழி போனது

2001-ல் கேம்கியூபோடு நின்டெண்டோவும் வட்டுக்கு வந்தது, ஆனால் தன் வழியில். மட்சுஷிட்டா செய்து கொடுத்த 8 சென்டிமீட்டர் சிறிய வட்டு, கொள்ளளவு சுமார் 1.5 ஜிபி. உள்ளே இருப்பது டிவிடி தொழில்நுட்பம். பெயரும் அளவும் வேறு.

இதனால் இரண்டு லாபம். படம் ஓட்டாததால் இரண்டாவது அனுமதிக்கான செலவு இல்லை. கடையில் கிடைக்கும் வெற்று டிவிடி அதில் ஓடாது, அதனால் திருட்டுப் பிரதி எடுப்பது கடினம். அமெரிக்காவில் போட்டியாளர்கள் 299 டாலருக்கு விற்றபோது கேம்கியூப் 199 டாலருக்கு வந்ததில் இப்படிச் சேர்த்த சிக்கனத்துக்கும் பங்கு உண்டு. தடை வன்பொருளில் இல்லை என்பதற்கு அந்த மட்சுஷிட்டாவே சாட்சி. 2001 டிசம்பரில் அது பானசோனிக் கியூ என்ற பெயரில் கேம்கியூபையும் டிவிடி பிளேயரையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஜப்பானில் விற்றது. டிவிடி உரிமக் கூட்டணியில் பங்காளியான நிறுவனத்துக்கு அது எளிது.

இதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், இடம் போதவில்லை. பல நிறுவனங்களின் கேம்கள் இரண்டு சிறு வட்டுகளில் வந்தன, அல்லது காட்சிகளை நறுக்கிச் சுருக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த வீ முழு அளவு வட்டுக்கு மாறியும் டிவிடி படம் ஓட்டவில்லை. வீ யூ பற்றி 2011-ல் முதலீட்டாளர்கள் கேட்டபோது அன்றைய தலைவர் சட்டோரு இவாட்டா ஒளிக்காமல் சொன்னார்: டிவிடி, புளூ-ரே ஓட்டும் கருவிகள் ஏற்கெனவே பெரும்பாலானோர் வீட்டில் இருக்கின்றன, அதற்காகக் காப்புரிமைச் செலவை ஏற்பதில் பொருளில்லை. என் பார்வையில் இது நேர்மையான பதில். படம் பார்க்காதவரும் அந்தக் கட்டணத்தை விலையில் சுமக்கத் தேவையில்லை.

ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த கட்டணம்

சோனி நேர் எதிர்த் திசையில் போனது. 2000 மார்ச் 4-ல் ஜப்பானில் 39,800 யென்னுக்கு வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி படமும் ஓட்டியது. டிவிடி பிளேயர் இல்லாத வீடுகள் அதை ஒரே கல்லில் இரண்டு மாங்காயாகப் பார்த்தன. சோனியால் இது எளிதாக முடிந்ததற்குக் காரணம், அது டிவிடி காப்புரிமைக் கூட்டணியில் பணம் வாங்குகிற பக்கத்தில் இருந்தது. ஜப்பானில் முதலில் வந்த மாடல்களில் படம் ஓட்டும் மென்பொருள் கூடவே தந்த மெமரி கார்டில்தான் இருந்தது. படம் ஓட்டுவது வன்பொருளிலிருந்து எவ்வளவு எளிதாகப் பிரிக்கக்கூடியது என்பதற்கு இது நல்ல சான்று.

அந்தக் கூட்டணியில் இல்லாத மைக்ரோசாஃப்ட் அந்தப் பிரிவையே வழியாக்கிக்கொண்டது. எக்ஸ்பாக்ஸுக்கு ரிமோட்டும் ஒரு சிறு ரிசீவரும் அடங்கிய பொதியை 29.99 டாலருக்குத் தனியாக விற்றது. ரிசீவரைக் கன்ட்ரோலர் துளையில் செருகினால்தான் படம் ஓடும். படம் ஓட்டும் மென்பொருளே அந்த ரிசீவருக்குள்தான் இருந்தது. ரிமோட்டின் விலையில் டிவிடி உரிமக் கட்டணமும் அடங்கியிருந்தது. படம் பார்க்க விரும்புகிறவர் மட்டும் கட்டினார், ரிமோட் வாங்காதவர்களின் கன்சோல்களுக்கு மைக்ரோசாஃப்ட் அந்தப் பணத்தைக் கட்டவேண்டியதில்லை.

இதே வழியைப் பிறகு பலர் பிடித்தார்கள். ராஸ்பெரி பை என்ற சிறிய கணினிப் பலகையில் எம்பெக்-2 வீடியோவை வன்பொருளில் விரிக்க வேண்டுமென்றால் 2.40 பவுண்டு கொடுத்து, அந்தப் பலகையின் வரிசை எண்ணுக்கென்று தனிச் சாவி வாங்க வேண்டியிருந்தது. 2012-ல் விண்டோஸ் 8-லிருந்து டிவிடி ஓட்டும் வசதி நீக்கப்பட்டதும் இந்தச் செலவைச் சொல்லித்தான். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் புளூ-ரே பிளேயர் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய செயலி. பிளேஸ்டேஷன் 4 விற்பனைக்கு வந்த நாளில் அதன் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் டிவிடியும் புளூ-ரேயும் ஓடின. டிரைவ் முதலிலிருந்தே பெட்டிக்குள் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேம் வட்டின் பூட்டு எப்படி வேலை செய்கிறது

சிடி பதியும் கருவி வீட்டுக்கு வீடு வந்தபிறகு கன்சோல் நிறுவனங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. வட்டில் உள்ள தகவலை யாரும் அப்படியே நகலெடுக்கலாம். அப்படியானால் அசலை எப்படி அடையாளம் காண்பது? நகலெடுக்கும் கருவியால் எழுத முடியாத ஒன்றை வட்டில் வைக்க வேண்டும்.

முதல் பிளேஸ்டேஷன் இதை அழகாகச் செய்தது. சுருள் பாதை நேராக ஓடாமல் மிக நுண்ணியதாக நெளியும்படி வட்டுகளை அச்சிட்டார்கள். அந்த நெளிவுக்குள் நான்கு ஆங்கில எழுத்துகள் மறைந்திருக்கும். ஜப்பானுக்கு ஒரு தொகுதி, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. கன்சோல் தொடங்கும்போது அதைத் தேடும், கிடைக்காவிட்டால் நின்றுவிடும். வெற்று சிடியில் தொழிற்சாலையிலேயே அச்சான வேறு நெளிவு இருக்கிறது. பதியும் கருவி அதைத் தொடர்ந்து போகுமே தவிரத் தன் விருப்பப்படி நெளிக்க முடியாது. அந்த வட்டுகளின் அடிப்பக்கக் கருப்பு நிறம்தான் பூட்டு என்று பலர் நம்பினார்கள். அது வெறும் தோற்றம். அகச்சிவப்பு லேசர் அதை ஊடுருவிப் போய்விடும்.

மாட் சிப் என்பது இதை ஏமாற்றும் சின்னஞ்சிறு சிப். சில கம்பிகளால் பற்றவைத்தால் அந்த நான்கு எழுத்துகளை அதுவே கன்சோலுக்கு அனுப்பிவிடும். கன்சோல் அசல் வட்டு என்று நம்பும். மூன்று பகுதிகளின் எழுத்துகளையும் மாற்றி மாற்றி அனுப்பினால், ஒரு பகுதியின் வட்டை இன்னொரு பகுதியின் கன்சோலில் ஓடவிடாத மண்டலப் பூட்டும் திறந்துவிடும். ஒரே பூட்டில் இரண்டு வேலை இருந்ததால் திருட்டுப் பிரதி ஓட்டியவரும், வெளிநாட்டில் காசு கொடுத்து அசல் வட்டு வாங்கியவரும் ஒரே சிப்பைத் தேடிப் போனார்கள்.

சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோல் நேர்மாறான பாடம். யமஹாவோடு சேர்ந்து சுமார் 1 ஜிபி கொள்ளும் ஜிடி-ரோம் என்ற சொந்த வட்டைச் செய்தார்கள். சாதாரண சிடியில் அவ்வளவு ஏறாது என்பதே பாதுகாப்பு. ஆனால் இசை சிடிகளில் கூடுதல் காட்சிகள் சேர்க்க மில்-சிடி என்ற வடிவத்துக்கும் அனுமதி தந்திருந்தார்கள். சாதாரண சிடியிலிருந்தே நிரலை இயக்க அது வழிவிட்டது. 2000-ல் அந்தப் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டதும், சிப் எதுவும் இல்லாமலே நகல்கள் ஓடின. முன்வாசலுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் பயனில்லாமல் போனது. டிரீம்காஸ்ட் நின்றதற்கு இதை மட்டும் காரணமாகச் சொல்வது தவறு. சேகாவின் தொடர் நஷ்டமும் பிளேஸ்டேஷன் 2-ன் வரவும் அதைவிடப் பெரியவை.

இந்தப் பூட்டு உண்மையில் எதைக் காக்கிறது? ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி உயர் நீதிமன்றம்வரை போனது. சிட்னியில் மாட் சிப் விற்ற ஒருவர்மீது சோனி வழக்குத் தொடர்ந்தது. 2005 அக்டோபரில் அந்நாட்டின் உச்ச அமைப்பான அந்த நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. கன்சோலின் சோதனை நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, ஏற்கெனவே எடுத்த நகலை ஓட்டுவதை மட்டுமே தடுக்கிறது, எனவே அன்றைய சட்டம் சொன்ன பதிப்புரிமைப் பாதுகாப்புக் கருவிக்குள் அது வராது என்பது தர்க்கம். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் அந்தத் தர்க்கம் ஒன்றைத் தெளிவாக்கியது: பதிப்புரிமையும் மேடை உரிமமும் ஒன்றல்ல. இந்தியாவில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. நோக்கத்தைப் பார்க்கும் இந்த அணுகுமுறை நியாயமானது என்று நினைக்கிறேன்.

புளூ-ரே போர், சுருக்கமாக

2006-ல் டிவிடிக்கு அடுத்த இடத்துக்கு சோனி தரப்பின் புளூ-ரேயும் தோஷிபா தரப்பின் எச்டி டிவிடியும் மோதின. சோனி ஒவ்வொரு பிளேஸ்டேஷன் 3-லும் புளூ-ரே டிரைவை வைத்தது. நீல லேசர் பாகங்கள் போதாமல் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களுக்கு டிவிடியிலேயே நின்று, படத்துக்கு எச்டி டிவிடி டிரைவை 199 டாலருக்குத் தனியாக விற்றது. 2008 ஜனவரியில் படத் தயாரிப்பு நிறுவனமான வார்னர் புளூ-ரே பக்கம் முழுதாகச் சாய்ந்தது. பிப்ரவரி 19-ல் தோஷிபா கைவிட்டது. ஒரு கன்சோலின் விலையை ஏற்றி, இன்னொரு சந்தையின் உரிம வருவாயைச் சோனி தரப்பு பிடித்தது. அதன் செலவில் ஒரு பகுதியைக் கேம் விளையாட வந்தவர்கள் கட்டினார்கள்.

ஊர் மாறினால் படம் ஓடாது, கேம் ஓடும்

தமிழர் குடும்பங்கள் பல நாடுகளில் பரவியிருப்பதால் இதை விளக்கியாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 5-ல் இந்தியாவில் வாங்கிய கேம் வட்டு ஓடும். அதே இந்தியாவில் வாங்கிய டிவிடி படம் ஓடாமல் போகலாம். பழுது என்று நினைக்க வேண்டாம். கேம் மூன்றாவது அனுமதியின் கீழ் வருகிறது, அதில் சோனி மண்டலப் பூட்டைக் கைவிட்டுவிட்டது. படம் இரண்டாவது அனுமதியின் கீழ் வருகிறது, அங்கே படத் தயாரிப்பாளர்களின் நிபந்தனை செல்லும்.

டிவிடியில் இந்தியா 5-வது மண்டலம், சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2. புளூ-ரேயில் இந்தியா சி மண்டலம், சிங்கப்பூர் ஏ, பிரிட்டன் பி. எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக அச்சிட்ட வட்டுகள் எங்கும் ஓடும். 4கே புளூ-ரேக்கு மண்டலமே கிடையாது. ஒரு எச்சரிக்கை: கேம் வட்டு எங்கும் ஓடினாலும், அதற்கான கூடுதல் உள்ளடக்கத்தை இணையக் கடையில் வாங்கும்போது உங்கள் கணக்கின் நாடும் வட்டின் நாடும் பொருந்த வேண்டும்.

டிரைவ் கழன்ற பிறகு

இனி முதல் கேள்விக்கு வரலாம். டிரைவைத் தனியாக விற்பதில் கணக்கு எளிது. டிரைவின் விலையும் புளூ-ரே உரிமச் செலவும் அதை விரும்புகிறவரிடம் மட்டும் வசூலாகிறது. 2001-ன் ரிமோட் பொதியேதான், வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. டிரைவ் இல்லாத கன்சோலை வாங்கியவர் கேம்களை நிறுவனத்தின் இணையக் கடையில் மட்டுமே வாங்க முடியும் என்பது இன்னொரு பக்கம். பழைய வட்டை விற்கவோ நண்பருக்குக் கொடுக்கவோ வழியில்லை, போட்டிக் கடையும் இல்லை. மூன்றாவது அனுமதியின் பிடி இங்கே முழுமையாகிறது.

இணையம் எதற்கு? டிரைவும் கன்சோலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு நம்ப வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360-ல் இந்த நம்பிக்கை தொழிற்சாலையிலேயே ஏற்பட்டது. ஒவ்வொரு டிரைவிலும் அந்தக் கன்சோலுக்கு மட்டுமான சாவி இருந்தது. டிரைவ் பழுதானால் வேறொன்றை வாங்கி மாட்ட முடியாது, பழைய டிரைவின் சர்க்யூட் பலகையைப் புதியதற்கு மாற்றவேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 5-ல் டிரைவ் கடையில் தனியாகக் கிடைப்பதால் அந்தச் சேர்க்கை வீட்டில் நடக்கிறது, சோனியின் சர்வர் சாட்சியாக நிற்கிறது. தொழில்நுட்ப ரீதியாக இது புரிந்துகொள்ளக்கூடியதே.

கவலை அந்த சர்வரின் ஆயுளைப் பற்றியது. வீயின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடியது. வீ யூவின் கடை 2023 மார்ச் 27-ல், எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடை 2024 ஜூலை 29-ல். அவற்றின் வட்டுகள் இன்றும் ஓடுகின்றன, ஏனென்றால் டிரைவ் யாரையும் கேட்காமல் தொடங்குகிறது. தனியாக மாட்டும் டிரைவுக்கு அந்தச் சுதந்திரம் ஒருமுறை சேர்த்த பிறகுதான் வருகிறது. சர்வரை நிறுத்தும் நாளுக்கு முன் இணையம் இல்லாமலே சேர்க்கும் வழியை ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் தந்துவிட வேண்டும். நிறுவனத்துக்கு அது பெரிய செலவில்லை, வட்டு சேகரிப்பவர்களுக்கு அது எல்லாமே.

அதுவரை, டிரைவ் வாங்கிப் பின்னாளில் மாட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இப்போதே எடுத்து ஒருமுறை கன்சோலோடு சேர்த்து, ஒரு வட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.